உலர்ந்த பூக்கள், கொடி, சுள்ளிகள் வைத்துக் கொஞ்சம் விளையாட்டுத்தனமான, கதவில் மாட்டும் அலங்கார வளையம் செய்வது எப்படி?

இரண்டு முறை செய்து பார்த்தேன், பூக்கள் பழுப்பாகிவிட்டன, முடித்துப் பார்த்தால் அஞ்சலிக்கு வைக்கும் மலர் வளையம் போல இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது குறையிலிருந்தே தொடங்குகிறேன். அது சரியாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அஞ்சலி வளையத்தைக் கவனித்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே தடிமன், ஒரே அளவுப் பூக்கள், விரல் நுழைய இடமில்லாத நெருக்கம். வீட்டில் செய்யும்போதும் நம் கை தானாக அதைத்தான் செய்யப் பார்க்கும். இடைவெளி தெரிந்தால் அடைக்கத் தோன்றும். அடைக்காதீர்கள். நான் செய்யும் வளையங்களில் மூன்றில் ஒரு பங்கு வெறும் கொடியாகவே இருக்கும், சில சமயம் பாதிகூட. பூக்கள் ஒரு பக்கமாகப் பிறை போலக் குவிந்திருக்கும். அந்தப் பிறையின் ஒரு நுனியிலிருந்து இரண்டு மூன்று தாள்கள், அதாவது பூக்காம்புகள், வட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் கேட்கிற துள்ளல் அங்கிருந்துதான் வருகிறது. பறவைப் பொம்மையும் மணியும் ஒட்டி அதை வரவழைக்க முடியாது.

வெறும் கொடி வெளியே தெரியப்போகிறது என்பதால் அடிவளையம் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். கம்பி வளையமும் வைக்கோல் வளையமும் முழுக்க மூடத்தான் லாயக்கு. திராட்சைக் கொடி, வில்லோ மரத்தின் வளையும் குச்சி, அல்லது கையில் கிடைக்கிற நச்சுப் பால் வடியாத எந்த மரக்கொடியும் சரி. பச்சையாக வெட்டி, இலைகளை உருவிவிட்டு, 30 முதல் 35 சென்டிமீட்டர் விட்டத்தில் நான்கைந்து சுற்று சுற்றி, நுனியை உள்ளே செருகினால் போதும். பூ வைத்து முடிக்கும்போது அது 50 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். சாதாரணக் கதவுக்கு அதுவே சரியான அளவு. காய்ந்துபோன கொடியாக இருந்தால் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் வளையும். கொடி பற்றி ஏறுவதற்கு விடும், சுருள் சுருளாக இருக்கும் பற்றுக்கம்பிகளைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். நாம் எவ்வளவு முயன்றாலும் அப்படி ஒரு வளைவைக் கையால் கொண்டுவர முடியாது.

சுற்றிய வளையத்தை இரண்டு வாரம் காயவிட்ட பிறகுதான் பூ கட்ட வேண்டும். பச்சைக்கொடி காயும்போது சுருங்கும், கட்டுகள் தளர்ந்துவிடும். அதைவிட மோசம், அதிலுள்ள ஈரத்தைப் பூக்கள் இழுத்துக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். என் இரண்டாவது வளையம் முழுவதும் அப்படித்தான் போனது. பின்பக்கம் வெள்ளை படர்ந்திருந்ததை நான் பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது.

இனி பூக்கள் பழுப்பாவது பற்றி. அதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று: தவறான பூ, தவறான நாள், வெளிச்சம்.

இதழ் மெல்லியதாகவும் நீர் நிறைந்ததாகவும் இருக்கும் பூக்கள் காற்றில் உலர்த்தினால் சுருங்கிக் கருத்துவிடும். வாடாமல்லி அப்படியல்ல. நாம் பூ என்று பார்க்கும் அந்த ஊதா உருண்டை உண்மையில் பூவடிச் செதில்கள், அதாவது பூவை ஒட்டி வரும் இலை போன்ற செதில்கள். பூக்கள் அவற்றுக்கு நடுவே சின்னதாக எட்டிப் பார்ப்பவை. செடியில் இருக்கும்போதே காகிதம் போல இருப்பதால் காய்ந்தாலும் உருவம் மாறாது. வைக்கோல் போல மொரமொரப்பான ஸ்ட்ராஃப்ளவர் என்ற பூவும் இதே வகைதான். ஸ்டாடிஸ் என்ற பூவில் நிறம் நிற்பது அதன் புல்லிவட்டத்தில், அதாவது இதழ்களுக்கு வெளியே இருக்கும் சுற்றில். கோழிக்கொண்டை, லாவெண்டர் இரண்டும் நம்பகமானவை. ரோஜா வேண்டும் என்றால் பாதி விரிந்ததாக எடுங்கள், சிவப்பு ரோஜா கருஞ்சிவப்பாகும் என்பதை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூக்கள் பெரும்பாலும் பழைய காகிதத்தின் நிறத்துக்கு வந்துவிடும். எனக்கு அந்த நிறம் மிகவும் பிடிக்கும், கருஞ்சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அவ்வளவு அழகு.

நாள் என்று சொன்னது இதைத்தான்: வெட்டிய பிறகும் பூ விரிந்துகொண்டே போகும். ஸ்ட்ராஃப்ளவர் முழுதாக விரியும்வரை காத்திருந்து வெட்டினால், காயும்போது செதில்கள் பின்னால் மடங்கி நடுப்பகுதி பிதுங்கிவிடும். வெளிச்சுற்று இரண்டு மூன்று வரிசை மட்டும் விரிந்து, நடு மூடியிருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். வாடாமல்லிக்கும் கோழிக்கொண்டைக்கும் இந்த அவசரம் இல்லை, அவை நன்றாக முற்றிய பிறகு எடுத்தால்தான் தாள் தொய்யாது. எதுவானாலும் காலைப் பனி காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

வெட்டியதும் கீழ் இலைகளை உருவி, ஐந்தாறு தாள்களை ஒரு கொத்தாக ரப்பர் வளையம் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நூல் வேண்டாம்; தாள் காய்ந்து மெலியும்போது ரப்பர் கூடவே இறுகும், நூல் வழுக்கிவிடும். இடம் இருட்டாக, ஈரமில்லாமல், காற்று ஓடுவதாக இருக்க வேண்டும். சன்னல் ஓரத்தில் தொங்கவிட்டால் சீக்கிரம் காயும்தான், ஆனால் நிறமும் சேர்ந்தே போய்விடும். இரண்டு மூன்று வாரத்தில் தாளை மடக்கினால் படக்கென்று முறியும். அதுதான் பதம்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளில் புதைத்து உலர்த்தும் முறையைப் பலர் சொல்வார்கள். மூடிய டப்பாவில் ஒரு வாரத்தில் ரோஜாவின் உருவம் அப்படியே நிற்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பூ வெளிக்காற்றின் ஈரத்தைத் திரும்ப உறிஞ்சித் தொய்ந்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அது ஏற்றது, வெளிக்கதவுக்கு வேண்டாம். இலைகளுக்கு மட்டும் வேறு வழி: ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு வெந்நீர் கலந்து, முற்றிய இலைகள் உள்ள கிளைகளை அதில் இரண்டு மூன்று வாரம் நிற்க வையுங்கள். நிறம் கொஞ்சம் கருக்கும், ஆனால் தொட்டால் உதிராமல் தோல் போல மென்மையாக இருக்கும். யூகலிப்டஸ் இதற்கு மிக நன்றாக வரும்.

சரி, கட்டுவதற்கு வருவோம். முதல் வளையம் முழுவதையும் பசையை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னால் ஒட்டினேன். வெயில் நேராக விழும் கதவு அது. பசை இளகி, மதியத்துக்குள் பாதிப் பூக்கள் கீழே கிடந்தன. அதிலிருந்து எடை தாங்குவது எல்லாம் மெல்லிய கட்டுக்கம்பியால்தான். மூன்று நான்கு தாள்களைச் சின்னக் கொத்தாகப் பிடித்து, கொடியோடு சேர்த்து இரண்டு சுற்று இறுக்கி, கம்பியை அறுக்காமல் அடுத்த கொத்தின் தலை முந்தையதன் தாள்களை மறைக்கும்படி வைத்துத் தொடர்ந்து போங்கள். எல்லாக் கொத்தும் ஒரே திசை பார்க்கட்டும், ஆனால் ஒரே நீளமாக வேண்டாம். ஒட்டுவது கடைசியில், தனிப்பூக்களுக்கு மட்டும்.

கட்டும்போது ஒரு தாள் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் போக்கில் விடுங்கள். அதை நிமிர்த்தக் கம்பி போட்டால் மற்றவையும் விறைத்துப்போகும்.

அப்புறம், பூ அல்லாத பொருட்கள். கசகசாச் செடியின் காய்ந்த காய்களும் தாமரைக் காய்களும் வளையத்துக்கு ஒரு முகத்தைக் கொடுக்கும். பாசி, உதிர்ந்த இறகு, காலி நத்தைக் கூடு எல்லாம் சரி, ஆனால் ஒரு வளையத்தில் இவற்றில் இரண்டு வகை போதும், அதுவும் வெறும் கொடிப் பகுதியில் தனியாக, கண் கொஞ்சம் தேடிக் கண்டுபிடிக்கும்படி. எனக்கு மிகவும் பிரியமானது பைன் கூம்பு. அதன் செதில்கள் காற்று ஈரமானால் மூடும், காய்ந்தால் திறக்கும். மரத்திலிருந்து விழுந்து எத்தனை நாளானாலும் இது நடக்கும், ஏனென்றால் செதிலின் இரண்டு பக்கமும் ஈரத்தில் ஒரே அளவு விரிவதில்லை. கதவில் மாட்டி வைத்தால் மழைக்கு முன்னும் பின்னும் வளையம் வேறு வேறாகத் தெரியும். வெளியே பொறுக்கிய கூம்புகளை 100 டிகிரி செல்சியஸ் ஓவனில் அரை மணி நேரம் வைத்துப் பூச்சி இல்லாமல் செய்துவிடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள், பிசின் தீப்பிடிக்கக்கூடியது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிவப்பும் கறுப்பும் கலந்த குன்றிமணி, ஆமணக்குக் கொட்டை, அரளி இவற்றை வைக்காதீர்கள். குன்றிமணி பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு கொடிய நஞ்சு. உதிர்ந்தால் குழந்தை கைக்குத்தான் முதலில் போகும்.

மாட்டுவதற்கு மழைச்சாரல் படாத, நேர்வெயில் விழாத கதவு நல்லது. ஒரே புள்ளியில் தொங்கவிட்டால் கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் ஆடிப் பூ உதிரும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இடத்தில் கட்டி, பின்பக்கம் சின்னத் துணித்துண்டு வைத்துவிடுங்கள். உதிராமல் இருக்க ஹேர் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு, நான் அடிப்பதில்லை; காய்ந்த பூவே சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள். விளக்கு, மெழுகுவத்தி பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

நிறம் சில மாதங்களில் மங்கத்தான் செய்யும். அப்போது கம்பியை ஒரு முனையிலிருந்து பிரித்து, மங்கிய கொத்துகளை மட்டும் எடுத்துவிட்டுப் புதியவற்றைக் கட்டுங்கள். என் கதவில் இப்போது இருக்கும் கொடி நான்காவது முறையாகப் பூ மாற்றிக் கட்டியது, பற்றுக்கம்பிகள் ஒன்றுகூட உடையவில்லை.