திட்டுக் குதிரைக்குட்டியை என்ன பெயர் சொல்லி விற்பது?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பெட்டைக் குதிரை ஈன்ற ஆண் குட்டிக்கு இப்போது 14 மாதம் ஆகிறது. செவலை உடம்பில் பெரிய வெள்ளைத் திட்டுகள் உள்ளன. தாயை எங்களுக்கு விற்றவர் அதை ‘பெயிண்ட் ஹார்ஸ்’ என்றார். ஆவணம் எதுவும் தரவில்லை. அமெரிக்க ஜாதி என்று சொன்னால் இரட்டிப்பு விலை கிடைக்கும் என்கிறார் தரகர். அப்படியே சொல்லி விற்கலாமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டாம். பெயிண்ட் என்பது வம்சத்தை வைத்து வழங்கும் பெயர். அமெரிக்காவில் 1965 முதல் இப்பெயரில் இயங்கும் சங்கம் தாய் தந்தையரின் பதிவைப் பார்த்தே குட்டியைச் சேர்க்கிறது; நிறம் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் பின்டோ. நம் நாட்டுக் குதிரை இனங்களான மார்வாரியிலும் கத்தியவாரியிலும் இத்தகைய திட்டுகள் உண்டு என்பதால், ஆவணம் இல்லாத உங்கள் குட்டியைத் ‘திட்டு நிற ஆண் குட்டி’ என்று சொல்வதே சரி. விவரம் அறிந்தவர் முதலில் பதிவுச் சான்றைத்தான் கேட்பார். அது இல்லையென்றால், அடுத்து நீங்கள் சொல்லும் வயதையும் நம்ப மாட்டார்.

வயதைப் பல்லே காட்டிவிடும். 14 மாதக் குட்டிக்கு முன்பற்கள் அனைத்தும் பால்பற்களாகவே இருக்கும். நடுப்பற்கள் விழுந்து முளைப்பது ஏறத்தாழ இரண்டரை வயதில்தான். நிறத்தில் சாயமோ என்று ஐயப்படுபவர் முன்னால் திட்டின் ஓரத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்து, மயிரை எதிர்ப்புறமாகத் தடவிக் காட்டுங்கள். வெள்ளை மயிரின் அடியில் தோல் இளஞ்சிவப்பாகவும், செவலையின் அடியில் கருமையாகவும் தெரியும். மூக்கு நுனியும் இளஞ்சிவப்பாக இருந்தால் சித்திரை வெயிலில் புண்ணாகும். ஆகவே நிழலில் கட்டுங்கள். சுழி பார்ப்பவர்களும் வருவார்கள். அவர்களோடு வாதாடிப் பயனில்லை, பார்த்துவிட்டுப் போகட்டும்.

உண்மையில் விலையைக் கூட்டுவது பழக்கம். கயிற்றைப் பிடித்தால் இழுக்காமல் உடன் நடப்பதும், நான்கு கால்களையும் தூக்கிக் குளம்பைச் சுத்தம் செய்ய விடுவதும், வண்டியில் மிரளாமல் ஏறுவதும் இந்த வயதில் போதும். சவாரிக்குப் பழக்கியது என்று காட்டுவதற்காக இப்போதே முதுகில் ஆளை ஏற்றுவது முற்றாத எலும்புக்குக் கேடு.

அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாச் சந்தைக்குக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால், கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே உடல்நலச் சான்று பெறுங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனை குறித்தும் அவரிடமே கேளுங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. ரசீதில் வயது, நிறம், ‘வம்சச் சான்று இல்லை’ என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் எழுதி, குட்டியின் இரு பக்கப் படங்களையும் இணையுங்கள். ஒரு குதிரையின் திட்டு இன்னொன்றில் அப்படியே அமைவதில்லை என்பதால், விற்றது எந்தக் குட்டி என்ற தகராறு பின்னால் எழாது.