கேட்டோ மேனர் மனை எங்கே போயிற்று?

கேள்வி: தாத்தா 1940களில் டர்பன் கேட்டோ மேனரில் மனை வாங்கினார். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த தென்னாப்பிரிக்காவின் குரூப் ஏரியாஸ் சட்டத்தில் அது பறிபோய், குடும்பம் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தது. மூலப் பத்திரம் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் டீட்ஸ் ஆபீஸ் (பத்திரப் பதிவு அலுவலகம்) கணினியில் அந்த மனையே இல்லை என்கிறார்கள். எப்படித் தேடுவது? – வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: மனை தொலையவில்லை, அதன் எண் மாறியிருக்கும். 1958இல் வெள்ளையர் பகுதியாக அறிவித்த பிறகு அரசு எடுத்துக்கொண்ட துண்டுகள் பலவற்றை ஒன்றாக்கி மறுபடி அளந்தார்கள். உங்கள் பத்திரத்தில் 'இன்ன லாட்டின் (மனையின்) இன்ன சப் (உட்பிரிவு)' என்று இருக்கும். கணினிக்கோ இன்றைய 'எர்ஃப்' எண்தான், அதாவது இப்போதைய மனை எண்தான் தெரியும்.

ஆகவே முதலில் போகவேண்டியது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலுள்ள சர்வேயர் ஜெனரல் (நில அளவை) அலுவலகத்துக்கு. பத்திரத்தில் குறித்திருக்கும் சர்வே படத்தின் எண்ணையும் ஆண்டையும் கொடுத்துப் படத்தின் நகலைக் கேளுங்கள். அதன்பின் வந்த உட்பிரிவு, இணைப்புப் படங்களைத் தொடர்ந்து பார்த்தால் இன்றைய எர்ஃப் எண் கிடைக்கும். பழைய படங்களில் பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் கணக்கில் இருக்கும். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். ஒரு ரூட் சுமார் 1,012 சதுர மீட்டர், ஒரு பெர்ச் சுமார் 25.3. '1 ரூட் 8 பெர்ச்' என்றால் ஏறக்குறைய 1,214 சதுர மீட்டர். கணக்கு ஒத்துவராவிட்டால் பக்கத்து மனையின் படத்தை எடுத்திருப்பீர்கள்.

அடுத்து, அதே ஊரிலுள்ள டீட்ஸ் ஆபீஸ். அங்கே பத்திர எண்ணை ஆண்டோடு சேர்த்தே சொல்லவேண்டும். எண் வரிசை ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்குவதால், ஆண்டை விட்டால் வேறு யாருடைய பத்திரமோ வரும். கணினிக்கு முந்தைய பதிவுகளை மைக்ரோஃபிலிமில் தேடச் சொல்லுங்கள். தாத்தாவின் பத்திரத்துக்கு அடுத்த மாற்றம் யார் பெயருக்கு, என்ன தேதியில், என்ன விலைக்கு என்பதே உங்களுக்கு வேண்டியது. பெட்டியில் மூலப் பத்திரம் இருப்பதாலேயே நிலம் உங்களுடையதாகிவிடாது.

பெயரில்தான் பலர் சறுக்குகிறார்கள். முனுசாமி ஒரு ஏட்டில் மூன்சாமி, இன்னொன்றில் முனிசாமி. தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிட்ட வீடுகளும் உண்டு. குழப்பம் தீர, தாத்தாவின் இறப்புக்குப் பின் அவர் சொத்துக்காகத் திறந்த எஸ்டேட் கோப்பைக் கேளுங்கள்; பழையவை பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர்கள் வரும். வாரிசுரிமைக்கும் அதுவே பயன்படும்.

கேள்வி: அப்படிப் பறிபோன நிலத்துக்கு இப்போது புதிதாக உரிமை மனு போடலாமா? – வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: முடியாது. நில உரிமை மீட்புக்கான 1994ஆம் ஆண்டின் 22ஆம் எண் சட்டப்படி மனு கொடுக்கக் கடைசி நாள் 31 டிசம்பர் 1998. சட்டத்தைத் திருத்தியதால் 1 ஜூலை 2014இல் கதவு மீண்டும் திறந்தது. 28 ஜூலை 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. இடைப்பட்ட காலத்து மனுக்கள் ரத்தாகவில்லை, பழையவை முடியும்வரை காத்திருக்கின்றன. ஆகவே பெரியப்பாவோ அத்தையோ 1998க்குள் மனு கொடுத்தார்களா என்று முதலில் வீட்டில் விசாரியுங்கள். கொடுத்திருந்தால் அந்த மனு எண்ணோடு நில உரிமை ஆணையத்தின் மாகாண அலுவலகத்துக்குப் போகலாம். அன்றைக்கே நியாயமான இழப்பீடு கிடைத்திருந்தால் உரிமை இல்லை என்கிறது சட்டம். மேலே சொன்ன மாற்றப் பத்திரத்தின் விலை அங்கேதான் கைகொடுக்கும்.