எல்லா லாக் வரியிலும் ஒரே கிளாஸ் பெயர் வந்தால்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்து ரைஸ் மில் ஒன்றின் ஜாவா பில்லிங் சாப்ட்வேரைக் கவனிக்கிறேன். எல்லா கிளாஸும் 'லாக்ஹெல்பர்' வழியாகவே லாக் எழுதுகின்றன. "எடை பதிவாகவில்லை" என்று வந்தால் அது எடைமேடை கிளாஸா, பில் கிளாஸா என்றே தெரிவதில்லை. கூப்பிட்ட கிளாஸை எப்படிப் பிடிப்பது? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஹெல்பர் தன் பெயரிலேயே ஒரு லாகரை (லாக் எழுதும் ஆப்ஜெக்ட்) வைத்துக்கொண்டு எல்லாருக்கும் எழுதுகிறது, அதனால்தான் இந்தக் குழப்பம்.

ஜாவா 9 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஸ்டாக்வாக்கர் இருக்கிறது; எந்த மெத்தடை எது கூப்பிட்டது என்ற அடுக்கை, அதாவது ஸ்டாக்கை, பார்க்க உதவும் கிளாஸ் அது. 'ரீடெய்ன் கிளாஸ் ரெஃபரன்ஸ்' ஆப்ஷனோடு அதை ஒரே தடவை, ஸ்டாடிக் ஃபைனலாக உருவாக்குங்கள். ஆப்ஷனை விட்டுவிட்டால் 'கெட்காலர்கிளாஸ்' எக்செப்ஷன் எறியும். கிடைத்த கிளாஸை லாகர்ஃபேக்டரியிடம் கொடுத்து லாகரை வாங்குங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கெட்காலர்கிளாஸ் ஒரு படிதான் மேலே பார்க்கும். ஹெல்பரின் 'எர்ரர்' மெத்தட் உள்ளே 'எழுது' மெத்தடைக் கூப்பிட்டு, அங்கே நீங்கள் தேடினால், மறுபடியும் லாக்ஹெல்பர்தான் கிடைக்கும். அதற்கு 'வாக்' மெத்தடைப் பயன்படுத்தி, லாக்ஹெல்பர் ஃபிரேம்களை (ஸ்டாக்கில் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ஃபிரேம்) எல்லாம் தள்ளிவிட்டு, அடுத்து வரும் முதல் ஃபிரேமை எடுங்கள். நாளைக்கு ஹெல்பரில் இன்னொரு மெத்தட் சேர்த்தாலும் இது உடையாது. ஜாவா 8 என்றால் புதிய த்ரோயபிளின் (எக்செப்ஷன்களின் தாய் கிளாஸ்) ஸ்டாக் டிரேஸில் இதே வடிகட்டலைப் பெயரை வைத்துச் செய்யலாம். இரண்டாவது ஃபிரேம், மூன்றாவது ஃபிரேம் என்று எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

தேடலை ஹெல்பருக்குள் நுழைந்ததும் முடித்துவிடுங்கள். வேலையை எக்சிக்யூட்டரிடம் கொடுத்த பிறகு தேடினால் அது வேறு த்ரெட்; கூப்பிட்டவர் அந்த ஸ்டாக்கிலேயே இருக்க மாட்டார்.

லாகர் பெயர் சரியான பின்பும், லாக்பேக் (லாக்கை எழுதும் லைப்ரரி) பேட்டர்னில், அதாவது லாக் வரியின் வடிவத்தில், வரி எண் கேட்டிருந்தால் ஹெல்பரின் வரி எண்தான் வரும். லாக் லைப்ரரிகளுக்குப் பொது இடைமுகமான எஸ்எல்எஃப்4ஜே-யின் லொகேஷன்-அவேர்-லாகரிடம் லாக்ஹெல்பரின் முழுப் பெயரை, பேக்கேஜோடு சேர்த்து, அனுப்புங்கள். அதைத் தாண்டிய ஃபிரேமிலிருந்து லாக்பேக் வரி எண்ணை எடுத்துக்கொள்ளும்.

செலவையும் பாருங்கள். டீபக் ஆன் ஆகியிருக்கிறதா என்று கேட்கவே லாகர் வேண்டும். லாகருக்குக் கிளாஸ் வேண்டும். ஆக, டீபக்கை அணைத்து வைத்திருந்தாலும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்டாக் தேடல் நடக்கும். ஆயிரக்கணக்கான மூட்டைகளுக்கு எடை போடும் லூப் உள்ள கிளாஸில் இது உறுத்தும். அங்கே மட்டும் ஹெல்பரை விட்டுவிட்டு, அந்தக் கிளாஸுக்கே பிரைவேட் ஸ்டாடிக் ஃபைனலாக ஒரு லாகர் எழுதிவிடுங்கள்.