கேதர்கள் தட்டையாகிவிட்டால் வேக மாதிரி சரிதானா?

சரி என்று சொல்லிவிட முடியாது. வேக மாதிரி என்பது நிலத்தடியில் அலை எங்கே எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்ற நம் கணிப்பு. கேதர் என்பது நிலத்தடியில் ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு தூரத்து உணரிகளுக்குத் திரும்பிவந்த அலைப்பதிவுகளின் தொகுப்பு; மாதிரியைக் கொண்டு திருத்தியபின் அவை எல்லாம் ஒரே ஆழத்தைக் காட்டினால் அது தட்டையாக இருக்கும். நில அதிர்வுத் தரவிலிருந்து நாம் உருவாக்கிய மாதிரி அந்தத் தரவோடு முரண்படவில்லை என்பதைத்தான் தட்டையான கேதர் காட்டுகிறது. அதே அளவுக்குப் பொருந்தும் வேறு பல மாதிரிகளும் இருக்கும்.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். 4,500 மீட்டர் ஆழத்தில் கிடைமட்டமான ஓர் அடுக்கு இருக்கிறது, மேலே வேகம் நொடிக்கு 3,000 மீட்டர் என்று கொள்வோம். அலை நேராகக் கீழே போய்த் திரும்ப 3 நொடி ஆகும். மூலத்திலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உணரிக்கு அது 3.162 நொடியில் வந்து சேரும். அதே 3 நொடியை வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் 3 சதவீதம் கூட்டினால், அந்த உணரியில் நேரம் 3.153 நொடியாகிறது. வேறுபாடு வெறும் 9 மில்லிநொடி. 25 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழற்சியே 40 மில்லிநொடி என்பதால், இரைச்சலுக்கு நடுவே இந்த வேறுபாட்டை உறுதியாகப் பிரித்தறிவது கடினம். ஆனால் ஆழமோ 135 மீட்டர் இறங்கிவிடுகிறது!

உணரி 9 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் வேறுபாடு சுமார் 61 மில்லிநொடியாகப் பெருகும். உணரிகள் பொருத்திய நீண்ட கேபிளுக்குச் செலவழிப்பது இதற்காகத்தான். ஆனால் அங்கே வேறொரு சிக்கல் வருகிறது. ஷேல் பாறையில் அலை செங்குத்தாகச் செல்வதைவிடக் கிடையாக வேகமாகச் செல்லும் என்பதால், கேதரைத் தட்டையாக்கும் வேகம் ஆழத்தைக் கணக்கிடத் தேவையான செங்குத்து வேகமாக இருப்பதில்லை. கிணற்று அளவீடு இதைத் திருத்தும், ஆனால் கிணற்றை விட்டு விலக விலக அந்தத் திருத்தத்தின் பலம் குறையும். மெக்சிகோ வளைகுடாவில் நொடிக்கு ஏறத்தாழ 4,500 மீட்டர் வேகமுள்ள நிலத்தடி உப்புப் பாறையின் அடிப்பகுதியை எங்கே வரைகிறோம் என்பது பெரும்பாலும் தரவை விளக்கும் நிபுணரின் முடிவு. அது பிசகினால் கீழே உள்ள எல்லாமே இடம் மாறும்.

எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும் பிழையைவிட, இடத்துக்கு இடம் மாறும் பிழைதான் ஆபத்தானது என்பது என் கருத்து. முன்னது ஆழத்தை மட்டும் மாற்றும். பின்னது அடுக்கில் இல்லாத மேட்டை உருவாக்கும், இருக்கும் மேட்டை அழிக்கும். ஆகவே ஒரே மாதிரியை நம்பாமல், தரவுக்குப் பொருந்தும் பல மாதிரிகளை உருவாக்கி, எண்ணெய் தேங்கக்கூடிய அந்த மேடு அவற்றில் எத்தனையில் நிலைக்கிறது என்று பாருங்கள். 40 மீட்டர் உயரமுள்ள மேடு பாதி மாதிரிகளில் காணாமல் போகிறதென்றால், துளையிடுமுன் அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும்.