ஒரு எஞ்சின் நின்றால்: வாசகர் கேள்வி பதில்

மகள் அடுத்து இரட்டை எஞ்சின் விமானத்தில் பயிற்சி எடுக்கப் போகிறாள். ஒன்று நின்றாலும் மற்றது இருக்குமே, பயமில்லைதானே?
(ஒரு தாய், பாளையங்கோட்டை)

அப்படி நினைத்துவிடக் கூடாது, அம்மா. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்றுவிட்டால் வண்டி அந்த மாட்டுப் பக்கமே திரும்பும். இங்கும் அதேதான். ஓடும் எஞ்சின் இறக்கையில் ஒதுங்கி இருப்பதால் மூக்கை நின்ற எஞ்சின் பக்கம் திருப்பும். அதைத் தடுப்பது வாலில் உள்ள ரடர் என்ற திருப்பும் பலகை. வேகம் குறைந்தால் ரடருக்குப் பிடிப்பு இருக்காது, விமானம் புரண்டுவிடும். அந்த எல்லையைத்தான் வேகமானியில் சிவப்புக் கோடாகப் போட்டிருக்கிறார்கள். நீலக் கோடு, ஒரே எஞ்சினில் நன்றாக மேலேறும் வேகம். பைப்பர் செமினோல் என்ற இரட்டை எஞ்சின் பயிற்சி விமானத்தில் சிவப்பு 56 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), நீலம் 88 நாட்.

சக்தி பாதிதான் போகும். ஆனால் மேலேறும் திறனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விடும். சக்தியில் பெரும்பகுதி விமானம் மட்டமாகப் பறக்கவே செலவாகிறது. மிச்சம் இருப்பதுதான் ஏற உதவும். முழு எடையில் செமினோல் ஒரே எஞ்சினில் நிமிடத்துக்குச் சுமார் 200 அடிதான் ஏறும், அதுவும் 15 டிகிரி வெப்பத்தில். நம்மூர் சித்திரை வெயில் 38 டிகிரி என்றால், கடல்மட்டத்தை ஒட்டிய வாகைக்குளம் ஓடுதளத்திலேயே காற்று 2,700 அடி உயரத்துக் காற்றைப்போல் மெலிந்திருக்கும். அந்த 200 அடியும் கரையும். எடையைக் குறைத்து, காலையிலேயே பறப்பது நல்லது.

எந்த எஞ்சின் நின்றது என்று பதற்றத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?
(பயிற்சி மாணவர், அம்பாசமுத்திரம்)

முதலில் ரடர் பெடலை மிதித்து மூக்கை நேராக்குங்கள். மூக்கைத் தாழ்த்தி நீலக் கோட்டைப் பிடியுங்கள். எரிபொருள் கலவைக்கு மிக்சர், இலைகளின் கோணத்துக்கு ப்ரொப்பல்லர், சக்திக்கு த்ராட்டில் என்று எஞ்சினுக்கு மூன்றாக ஆறு லீவரும் முழுக்க முன்னே. இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பிளாப்பும் சக்கரமும் மேலே. அப்புறம் காலைக் கவனியுங்கள்: எந்தக் கால் சும்மா கிடக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் நின்றது. அந்த த்ராட்டிலை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சத்தமும் மூக்கும் மாறவில்லையென்றால் கணிப்பு சரி. அதன் பிறகே ப்ரொப்பல்லரை ஃபெதர் செய்யவேண்டும். அப்போது அதன் இலைகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். பிறகு அந்த மிக்சரை மூடி, ஓடும் எஞ்சின் பக்கம் 2, 3 டிகிரி சாய்த்துப் பறங்கள்.

கெடுவது இரண்டு இடத்தில். அவசரத்தில் த்ராட்டில் சோதனையை விட்டுவிட்டு, ஓடும் எஞ்சினையே ஃபெதர் செய்வது ஒன்று. மற்றது தாமதம். செமினோலில் சுழற்சி நிமிடத்துக்கு 950க்குக் கீழே போய்விட்டால், தரையில் எஞ்சினை அணைக்கும்போது ஃபெதர் ஆகாமலிருக்க வைத்த பூட்டு ஊசிகள் விழுந்துவிடும். பிறகு லீவரை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை.

ஓடுதளத்தில் இருக்கும்போதே நின்றால் இத்தனையும் வேண்டாம். இரண்டு த்ராட்டிலையும் மூடி பிரேக் போடுங்கள்.

இடது எஞ்சின் நின்றால்தான் ஆபத்து அதிகம் என்கிறார்களே?
(வாசகர், தென்காசி)

எல்லா விமானத்திலும் இல்லை. இரண்டு ப்ரொப்பல்லரும் விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றும் விமானத்தில் அது உண்மை. மூக்கு தூக்கியிருக்கும்போது வலப்புறம் கீழிறங்கும் இலை அதிகம் இழுக்கும். அதனால் வலது எஞ்சினின் இழுப்பு நடுவிலிருந்து இன்னும் தள்ளிப்போகும். இடது நின்றால் திருப்பம் கடுமையாகும். செமினோலில் வலது ப்ரொப்பல்லர் எதிர்த்திசையில் சுற்றுவதால் எது நின்றாலும் ஒன்றுதான்.