கேளுங்கள், சொல்கிறேன்: தம்பானூர் காபி ஹவுஸைக் கட்டியவர்

கே: திருவனந்தபுரம் தம்பானூரில் சுருளாக மேலேறும் காபி ஹவுஸைக் கட்டியவர் வெள்ளைக்காரராமே? (வாசகி, மார்த்தாண்டம்)

ப: பிறந்தது பர்மிங்காமில், 1917இல். ஆனால் 1989இல் இந்தியக் குடியுரிமை வாங்கிவிட்டார் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். இனி அவர் நம்மாள். ரயிலுக்கு நேரமிருந்தால் நான் போய் உட்காருவது அங்கேதான். தளமே சரிந்து சுற்றிச் சுற்றி ஏறும். மேஜை, பெஞ்சு எல்லாம் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவை. செங்கல் இடுக்குகள் வழியே வெளிச்சம் கட்டம் கட்டமாக விழும். மசால் தோசைக்குள் பீட்ரூட் வைப்பார்கள். அதற்குப் பேக்கர் பொறுப்பல்ல.

கே: பெரிய மனிதர்கள் பலர் வீட்டில் வேறு மாதிரி. இவர் எப்படி? (வாசகர், திருநெல்வேலி)

ப: மனைவி எலிசபெத் கேரளத்து டாக்டர். கல்யாணத்துக்கு ஏகப்பட்ட எதிர்ப்பு. பொறுத்திருந்து 1948இல் செய்துகொண்டார்கள். புதுமணத் தம்பதியாக இமயமலைப் பக்கம் பித்தோராகருக்குப் போனார்கள். வந்திருப்பது டாக்டரம்மா என்று தெரிந்ததும் மலை ஜனங்கள் வாசலில் குவிந்துவிட்டார்கள். சுற்றிப் பார்க்கப் போனவர்கள் அங்கேயே குடித்தனம் போட்டு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அவர் வைத்தியம் பார்க்க, இவர் கட்டடமும் கட்டுவார், ஆஸ்பத்திரி எடுபிடி வேலையும் செய்வார். எத்தனை ஆம்பிளைகள் செய்வார்கள், சொல்லுங்கள்? பிள்ளைகள் மூன்று பேர். பிறகு கேரளம்.

திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் கட்டிய சொந்த வீட்டுக்கு 'ஹாம்லெட்' என்று பெயர். தேவை வரவர ஒவ்வோர் அறையாகச் சேர்த்தது. சுவரில் பழைய பாட்டில்களைப் பதித்து வண்ண வெளிச்சம் வரவழைத்தார். பிளான் வரையப் பழைய கடித உறை போதும் அவருக்கு. 1990இல் பத்மஸ்ரீ வந்தது. 2007 ஏப்ரல் 1 அன்று, 90 வயதில், அதே வீட்டில்தான் கண்ணை மூடினார். எலிசபெத் 2011 வரை இருந்தார்.

கே: 'பேக்கர் கட்டு' என்று சொல்லி எங்கள் கொத்தனார் சுவருக்குள் பொந்து விடுகிறார். செங்கல்லை மிச்சம் பிடித்து விற்கிறாரோ என்கிறார் மாமனார். (வாசகி, நாகர்கோவில்)

ப: அது எலிப்பொறிக் கட்டு, 'ராட் ட்ராப்'. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்துவதால் நடுவில் காலி இடம் விழும். வெயில் அவ்வளவாக உள்ளே இறங்காது. செங்கல்லும் ஏறக்குறைய கால்வாசி மிச்சம். பேக்கர் கண்டுபிடித்ததல்ல, கேரளத்தில் பரப்பியது அவர். பூச்சும் வேண்டாம் என்பார். ஆனால் உங்கள் ஊர் மழைக்கு நன்றாக வெந்த செங்கல் வேண்டும். கூரையும் சுவரைத் தாண்டி வெளியே நீள வேண்டும். மிச்சமான செங்கல்லை மாமனாரையே எண்ணச் சொல்லுங்கள்.