ஓரத்தில் வந்த கை

அன்புள்ள ஐயா,

நான் காட்பாடியில் வசிக்கிறேன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவை எடுத்துக்கொண்டு வேலூர்க் கோட்டை அகழி, பாலாற்றங்கரை என்று சுற்றுவது என் வழக்கம். யாரிடமும் முறையாகப் பயின்றதில்லை. பரிசு பெற்ற படங்களையும் பழைய வரலாற்றுப் படங்களையும் தேடித் தேடிப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறேன். ஆனால் சூடான் குழந்தையின் பின்னால் கழுகு உட்கார்ந்திருக்கும் படத்தையோ, கடலூர் சுனாமிப் படத்தையோ பார்த்து ‘அழகான படம்’ என்று சொல்ல வாய் கூசுகிறது. இவற்றை ரசிப்பது சரிதானா?

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தின் மேலிருந்து நான் எடுத்த படம் ஒன்றை இணைத்துள்ளேன். நீரும் மேகமும் நன்றாக அமைந்துவிட்டன. ஆனால் இடது கீழ் ஓரத்தில் யாரோ ஒரு பாட்டியின் கை குறுக்கே வந்துவிட்டது. போட்டி ஒன்றுக்கு அனுப்ப நினைக்கிறேன். ஓரத்தை வெட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கைப்பேசியிலேயே தடம் தெரியாமல் அழித்துத் தருவதாக நண்பர் சொல்கிறார். எது நல்லது? போரோ பஞ்சமோ இல்லாத நம் ஊரில் இருந்துகொண்டு பெரிய படம் எதையும் எடுக்க முடியுமா என்ற ஐயமும் எனக்கு உண்டு.

அன்புடன்,
த., காட்பாடி

*

அன்புள்ள த. அவர்களுக்கு,

உங்கள் படத்தை மூன்று நாட்களாகத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கையை வெட்டாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? தளர்ந்து சுருங்கிய மணிக்கட்டில் ஒற்றைச் சிவப்புக் கண்ணாடி வளையல் இருக்கிறது. விரல் நுனிகளில் மஞ்சள் ஏறியிருக்கிறது. உள்ளங்கையிலிருந்து அப்போதுதான் நழுவிய சாமந்தி இதழ்கள் மூன்று, ஷட்டர் வேகம் போதாமல் சற்றே கலங்கி, காற்றில் நிற்கின்றன. ‘தண்ணீர் இல்லாத ஆறு’ என்று தொடங்கும் சொலவடையைக் கேட்டே வளர்ந்த ஊர் நம்முடையது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு நிறைந்து வந்த அன்று, அதைப் பூப்போட்டு வரவேற்க ஒரு பாட்டி பாலத்துக்கு வந்திருக்கிறார். அந்தக் கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது செந்நிற நீர். அது எந்த ஊர் ஆறாகவும் இருக்கலாம்.

நீங்கள் குறிப்பிட்ட கடலூர்ப் படத்திலிருந்தே உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்காக ஆர்க்கோ தத்தா அதை 2004 டிசம்பர் 28 அன்று எடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த படமாக, பன்னாட்டுச் செய்திப் படப் போட்டியான வேர்ல்ட் பிரஸ் போட்டோ அதைத் தேர்ந்தெடுத்தது. மணலில் முகம் புதைய விழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் வானத்தைப் பார்த்து விரித்து ஒரு பெண் அழுகிறார். நாம் எல்லோரும் முதலில் பார்ப்பது அவரைத்தான். அதன் பிறகே, சட்டகத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரிவது கண்ணில் படுகிறது. தத்தா கேமராவைச் சற்றுத் திருப்பியிருந்தால் உடல் முழுவதும் படத்துக்குள் வந்திருக்கும். மறுபக்கம் திருப்பியிருந்தால் அந்தக் கையும் இருந்திருக்காது, அந்தப் பெண் எதன் முன் விழுந்து அழுகிறார் என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். இறந்தவரின் முகத்தை உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்து, அவர் அங்கே இருப்பதை மட்டும் சொல்லும் அளவுக்கு அந்த ஓரம் நிற்கிறது. அந்த அளவறிதலை நான் கூச்சமில்லாமல் அழகு என்றே சொல்வேன். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயுவால் இறந்த, அடையாளம் தெரியாத குழந்தை ஒன்று புதைக்கப்பட்டபோது ரகு ராய் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்திலும், கடைசியாக ஒருமுறை அந்த முகத்தைத் தொடும் கை ஒன்று உண்டு. (அதே குழந்தையைப் பாப்லோ பார்த்தலோமியூ வண்ணத்தில் எடுத்த படம் வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசைப் பெற்றது.) அது யாருடைய கை என்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கை இருப்பதால்தான் அந்தக் குழந்தை யாருமற்றுப் போகவில்லை என்று நெஞ்சு ஆறுகிறது.

சூடான் படத்துக்கு வருகிறேன். கெவின் கார்ட்டர் 1993 மார்ச்சில் அயோத் என்ற ஊரில் எடுத்து, 1994இல் புலிட்சர் பரிசு பெற்ற படம் அது. ‘தூக்கிக் காப்பாற்றாமல் படம் எடுத்தான்’ என்று இன்றுவரை பலர் அவரை ஏசுகிறார்கள். கழுகை அவர் விரட்டிவிட்டார் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. அந்தக் குழந்தையின் மணிக்கட்டைப் பாருங்கள், வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று தெரியும். ஐ.நா. உணவு முகாமில் பதிவு செய்யப்பட்டவர்களுக்குக் கட்டும் பட்டை அது. அதாவது, யாரோ ஏற்கெனவே அந்தக் குழந்தையைக் கணக்கில் எடுத்து, கையில் அடையாளம் கட்டியிருக்கிறார்கள். 2011இல் ஸ்பெயின் நாட்டுச் செய்தித்தாள் ஒன்று அந்த ஊருக்கே போய் விசாரித்தபோது, அது ஆண் குழந்தை என்றும், அந்தப் பஞ்சத்தில் பிழைத்துப் பல ஆண்டுகள் கழித்துக் காய்ச்சலில்தான் இறந்தான் என்றும் அவனுடைய தந்தை சொன்னார். கழுகையே பார்த்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கண்களுக்கு அந்தப் பட்டை தெரியவில்லை. நானும் பல ஆண்டுகள் அதைப் பார்க்கவில்லை. ஒரு படத்தை ரசிப்பது சரியா என்று கேட்கிறீர்கள். மணிக்கட்டு வரை பார்ப்பதைத்தான் நான் ரசனை என்கிறேன், அதில் கூசுவதற்கு ஒன்றுமில்லை.

அழிப்பதைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர் முகாமில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங் எடுத்த, குழந்தைகளோடு ஒரு தாய் உட்கார்ந்திருக்கும் படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் பதிவாகியிருந்தது. அது கண்ணை உறுத்துகிறது என்று லாங் சில ஆண்டுகள் கழித்து நெகட்டிவிலேயே அதை மறைக்கச் செய்தார். கூர்ந்து பார்த்தால் இன்றும் அங்கே மங்கலாக ஒரு நிழல் தெரியும். 1945இல் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது சோவியத் கொடி ஏற்றும் படத்தில், வீரர் ஒருவரின் இரண்டு கைகளிலும் கடிகாரம் இருந்தது கொள்ளையடித்ததைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், ஒன்றைச் சுரண்டி எடுத்தார்கள். இரண்டு காரணங்களும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். லாங் அழகுக்காகச் செய்தார், பெர்லினில் மறைப்பதற்காகச் செய்தார்கள். இருந்தும் அந்தக் கட்டைவிரலை இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தக் கூடாரம் கம்பைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டிய கூடாரம் என்று அது ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த வருத்தத்துக்குச் சொந்தக் காரணமும் உண்டு. எனக்கு ஒரு வயது நிறைந்தபோது பேரணாம்பட்டு ஸ்டுடியோ ஒன்றில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். விழுந்துவிடாமல் இருக்க, அம்மா சட்டகத்துக்கு வெளியே குனிந்து நின்று என் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான்கு விரல்கள் மட்டும் என் இடுப்பருகே படத்தில் விழுந்திருந்தன. பிறகு அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டக் கொடுத்தபோது, டச்சிங் செய்தவர் அந்த விரல்களைச் சாம்பல் நிறம் பூசி மறைத்துவிட்டார். வீட்டில் யாரும் அப்போது அதைக் குறையாக நினைக்கவில்லை. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அம்மா இறந்தார். அம்மாவும் நானும் சேர்ந்திருந்த ஒரே படம் அதுதான், மூலப் பிரதியும் இப்போது இல்லை. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மட்டும், தாளின் மற்ற இடமெல்லாம் பளபளக்க, விரல்கள் இருந்த இடம் மங்கலாகத் தெரியும். உங்கள் நண்பரின் கைப்பேசி அந்த மங்கலைக்கூட விட்டுவைக்காது.

போட்டி விதிகளைப் பொறுத்தவரை, ஓரத்தை வெட்டுவதும் உள்ளே இருப்பதை அழிப்பதும் வேறு வேறு. செய்திப் படப் போட்டிகள் பொதுவாக முதலாவதை ஏற்கும், இரண்டாவதை அடியோடு நிராகரிக்கும்.

போரோ பஞ்சமோ இல்லாத ஊர் நம்முடையது என்று எழுதியிருக்கிறீர்கள். உலகம் பார்த்த மிகப் பழைய பஞ்சப் படங்களுள் சில, நம் பாட்டிகள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொன்ன 1876–78 பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் எடுக்கப்பட்டவை. அந்தப் பஞ்சம் வாட்டிய மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்று. எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி. எலும்பும் தோலுமான மனிதர்களைக் குடும்பப் படத்துக்கு உட்காரவைப்பதுபோல வரிசைப்படுத்தி எடுத்திருக்கிறார். அப்படி அவர்களை அடுக்கி உட்காரவைத்த கை எந்தப் படத்திலும் இல்லை. அதே மனிதர் 1886இல் பர்மாவின் மண்டலேயில், சுட்டுக் கொல்லப்படும் கைதிகளைப் படமெடுத்த விதத்துக்காக விசாரணைக்கு ஆளானார் என்பதை அறிந்த பிறகு, அந்தப் பஞ்சப் படங்களின் ஓரங்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

இன்றைய வேலூருக்கு வாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் சிகிச்சைக்காகக் காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்கும் குடும்பங்கள், எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, வங்க எழுத்துப் பெயர்ப்பலகைகளைப் படித்தபடி காந்தி ரோட்டில் நடப்பதைத் தினமும் பார்க்கிறோம். குடியாத்தத்தில் தறிகள் ஓடுகின்றன, திண்ணைகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். அனுமதி கேட்டு, கிட்டத்தில் நின்று, அந்தக் கைகளை எடுங்கள். தூரத்திலிருந்து ஜூம் செய்து நோயாளிகளைத் திருட்டுத்தனமாக எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பாலாற்றுப் படத்தை வெட்டாமல் அனுப்புங்கள். கீழே தேதி, பாலம், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்பதையெல்லாம் எழுதுங்கள். லாங் படம் எடுத்த தாயிடம் பெயர் கேட்கவில்லை. அவர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது உலகத்துக்குத் தெரிய 1978 வரை, 42 ஆண்டுகள் ஆயின. அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிண்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு விருதம்பட்டுப் பக்கம் போங்கள். பாலத்தருகே பூ விற்பவர்களிடம் காட்டிக் கேளுங்கள், வளையலை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். அந்தப் பாட்டி இருக்கிறார் என்றால், அந்தப் பிரிண்டை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்.